மாவுச்சத்தை வெட்டும் நொதி ஒன்றா, பலவா?

 

மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் விண்ணப்பங்களோடு இரத்தப் பரிசோதனைத் தாள்களும் வரும். சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு தாளில் ‘அமிலேஸ்’ என்ற சொல்லுக்கு எதிரே இருந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். எட்டு வயதுப் பையன். காய்ச்சல், இரண்டு கன்னங்களும் வீங்கியிருந்தன. அமிலேஸ் கூடினால் கணையம் கெட்டுவிட்டது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே கணைய நோயில் ஒருவர் மவுத்தாகியிருக்கிறார். எனவே பையனின் உம்மா காதில் கிடந்ததை அடகு வைத்து, ஸ்கேன் எடுக்க வெளியூர் புறப்படத் தயாராகிவிட்டார். பயணச் செலவுக்குத்தான் நம்மிடம் வந்தார்.

பையனுக்கு வந்திருந்தது பொன்னுக்கு வீங்கி. நமக்குத் தெரிந்த குழந்தை மருத்துவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். வயிற்று வலி இல்லை. கணையத்துக்கென்று பார்க்கும் லிப்பேஸ் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. வீக்கம் வடிந்து பையன் பள்ளிக்கூடம் போய்விட்டான். அடகு வைத்ததை மீட்கத்தான் அந்தத் தாய்க்கு அதிக நாள் பிடித்தது.

தாளில் இருந்த எண் தவறா என்றால், தவறில்லை. அமிலேஸ் கூடித்தான் இருந்தது. எந்த அமிலேஸ் கூடியது என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி நம் மனத்தில் தங்கிவிட்டது. கல்லூரியில் படித்ததைத் தூசி தட்டினோம். புத்தகங்களைப் புரட்டினோம். மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டோம். தெரிந்துகொண்டதை இங்கே பாடமாக எழுதுகிறோம்.

சோறு, ரொட்டி, இடியாப்பம், கிழங்கு இவற்றில் பெரும்பகுதி மாவுச்சத்து. தஸ்பீஹ் மணிகளைப் போல ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை அது. கிளை இல்லாமல் நீளும் மாலைக்கு அமிலோஸ் என்று பெயர். கிளை விட்டுப் படர்ந்ததற்கு அமிலோபெக்டின். இவ்வளவு பெரிய மாலை குடல் சுவரைத் தாண்டி இரத்தத்தில் சேர முடியாது. துண்டு துண்டாக வெட்டியாக வேண்டும். அந்த வேலைக்கு உள்ள கத்தரிக்கோல்தான் அமிலேஸ் என்னும் நொதி.

இதன் வேலையைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும் தாய்மார்கள் தினமும் பார்க்கிறார்கள். பாதி ஊட்டி மூடிவைத்த கிண்ணத்தில் கெட்டியாக இருந்த கஞ்சி சிறிது நேரத்தில் தண்ணீராய் இளகிக் கிடக்கும். கரண்டி படாத பாத்திரத்துக் கஞ்சி இருந்தபடியே இருக்கும். நோன்பு திறந்து, கரண்டியால் பாதிக் கஞ்சியைக் குடித்துவிட்டு மஃரிபு தொழுது வந்தவர்களும் இதைக் கண்டிருக்கலாம். கஞ்சி கெட்டுவிட்டது என்று நினைப்போம். உண்மையில் கரண்டியோடு போன எச்சிலில் இருந்த நொதி, மாலைகளை வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆறிய வடிகஞ்சியை இரண்டு குவளைகளில் எடுத்து, ஒன்றில் மட்டும் எச்சில் கலந்து கால் மணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டிலும் நீர் கலந்த அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். மாவுச்சத்து இருந்தால் கருநீலம் தெரியும். எச்சில் விட்ட குவளையில் அந்த நிறம் மங்கியோ மறைந்தோ போயிருக்கும். சோதித்த கஞ்சியைக் கொட்டிவிட வேண்டும், குடிக்கக் கூடாது.

எச்சிலுக்கு இந்தக் குணம் உண்டு என்று 1831-இல் ஜெர்மனியில் லாய்க்ஸ் என்பவர் எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து, 1833-இல், பிரான்சில் பாயன், பெர்சோ என்ற இருவர் முளைவிட்ட பார்லியை நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றிலிருந்து இதே வேலையைச் செய்யும் பொருளைப் பிரித்தெடுத்து ‘டயஸ்டேஸ்’ என்று பெயரிட்டார்கள். இன்று நொதிகளின் பெயர்களில் பெரும்பாலானவை ‘ஏஸ்’ என்று முடிவது அந்தப் பெயரைப் பின்பற்றித்தான். ஆக, ஒன்று மனிதன் வாயிலிருந்து வந்தது, மற்றொன்று முளைத்த தானியத்திலிருந்து. வேலை ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றுதானா என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும். அதற்குத் தெளிவான விடை கிடைக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

விடை கிடைத்த வழி சுவையானது. 1955-இல் கனடாவின் டொராண்டோவில் ஆலிவர் ஸ்மித்தீஸ் என்ற விஞ்ஞானி, உருளைக்கிழங்கு மாவுச்சத்தைக் காய்ச்சித் தகடாக உறையவைத்து, அதில் மின்சாரம் பாய்ச்சி இரத்தப் புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சிறுவயதில் தம் தாயார் சட்டைக்குப் போட்ட கஞ்சி ஆறி உறைந்து போனது நினைவுக்கு வந்ததால்தான் அந்த யோசனை தோன்றியதாம். இந்த முறையில் பார்த்தபோது, ஒரே வேலையைச் செய்யும் நொதி ஒரே உடலுக்குள் பல வடிவங்களில் இருப்பது வெளிப்பட்டது. 1959-இல் மார்க்கெர்ட், மொல்லர் என்ற இருவர் இவற்றுக்கு ‘ஐசோசைம்’ என்று பெயர் வைத்தார்கள். அமிலேஸை இப்படிப் பிரித்த தகட்டை மாவுச்சத்தோடு சேர்த்துவைத்துப் பிறகு அயோடின் ஊற்றினால் தகடு முழுதும் நீலமாகும். நொதி நின்ற இடங்கள் மட்டும் வெளுத்த கோடுகளாகத் தெரியும். உமிழ்நீருக்கு ஒரு வரிசைக் கோடுகள், கணையச் சாற்றுக்கு வேறொரு வரிசை.

மனிதனுக்கு அமிலேஸ் முக்கியமாக இந்த இரண்டு இடங்களில்தான் உண்டாகிறது: வாயிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளும், இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் கணையமும். இரண்டுமே ஆல்பா வகை. அதாவது மாலையின் நடுவில் கண்ட இடத்தில் வெட்டுபவை. ஒவ்வொன்றும் சுமார் 500 அமினோ அமிலங்களால் ஆன புரதம். அவற்றில் நூற்றுக்கு மூன்று இடங்களில்தான் வேறுபாடு. ஆனால் மரபணுக்கள் வேறு. முதலாவது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடு போல அவை இருக்கின்றன. வாய் அமிலேஸுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். இரைப்பை அமிலம் பட்டதும் அது ஓய்ந்துவிடும். மீதியைச் சிறுகுடலில் கணைய அமிலேஸ் பார்த்துக்கொள்ளும். கடைசியில் குளுக்கோஸாகப் பிரித்து முடிப்பவை குடல் சுவரில் ஒட்டியிருக்கும் மால்டேஸ் போன்ற வேறு நொதிகள்.

வாய் அமிலேஸின் மரபணு எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. ஒருவருக்கு இரண்டு பிரதிகள் இருக்கும், இன்னொருவருக்குப் பத்துக்கு மேலும் இருக்கும். தலைமுறை தலைமுறையாக மாவுச்சத்து உணவு அதிகம் உண்ட மக்களிடம் சராசரியாகப் பிரதிகள் கூடுதல் என்று 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஜப்பானியரும் ஆப்பிரிக்காவின் ஹட்சா மக்களும் அந்தக் கூட்டத்தில் வருகிறார்கள்.

இப்போது அந்தச் சிவப்பு வட்டத்துக்கு வருவோம். நல்ல உடல்நிலையில் இருப்பவர் இரத்தத்திலும் அமிலேஸ் சிறிதளவு இருக்கும். அதில் பாதிக்கு மேல் உமிழ்நீர் வகை, மீதி கணைய வகை. சாதாரணப் பரிசோதனை இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறது. பொன்னுக்கு வீங்கியில் காதுக்குக் கீழேயுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி, அதன் அமிலேஸ் இரத்தத்தில் கசிகிறது. மொத்த எண் ஏறுகிறது. உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்தாலும் ஏறும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நொதி வெளியேறாமல் தங்குவதால் ஏறும். சிலருடைய இரத்தத்தில் அமிலேஸ் எதிர்ப்புரதத்தோடு ஒட்டிப் பெரிய உருவமாகி, சிறுநீரகச் சல்லடையைத் தாண்ட முடியாமல் இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எண் ஆண்டுக்கணக்கில் கூடுதலாகவே இருக்கும், அதனால் தனியே ஒரு கெடுதலும் வராது. அதனால்தான் மருத்துவர்கள் லிப்பேஸையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். தேவையானால் கணைய அமிலேஸை மட்டும் அளக்கும் பரிசோதனையும் உண்டு.

இதைப் படித்துவிட்டு அமிலேஸ் எண்ணை யாரும் அலட்சியம் செய்துவிடக் கூடாது. மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, அது முதுகுக்குப் பரவுதல், தொடர்ந்து வாந்தி இவை இருந்தால் அது கணைய அழற்சியாக இருக்கக்கூடும். பரிசோதனைத் தாளுக்காகக்கூடக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பொன்னுக்கு வீங்கியே சில சமயம் கணையத்தையும் தாக்கும் என்பதையும் மருத்துவர் நம்மிடம் சொன்னார். நாம் கேட்பது ஒன்றுதான்: நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போகுமுன், தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், ‘இது எந்த அமிலேஸாக இருக்கும்?’ என்று கேளுங்கள்.

பிற உயிர்களிடம் இந்த ஏற்பாடு வேறு மாதிரி இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் உமிழ்நீரில் அமிலேஸ் ஏறக்குறைய இல்லை. கணையத்தை நம்பித்தான் அவை வாழ்கின்றன. ஓநாய்க்குக் கணைய அமிலேஸ் மரபணு இரண்டு பிரதிகள்தான். நாய்க்கு நான்கிலிருந்து முப்பது வரை உண்டு என்று 2013-இல் கண்டார்கள். மனிதன் போட்ட சோற்றைத் தின்று பழகியதன் அடையாளம் அது.

ஆட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஆட்டை வாங்கி வந்து, கொழுக்கட்டும் என்று சோறும் அரிசியும் அள்ளி வைப்பவர்கள் நம் மஹல்லாவில் உண்டு. மறுநாள் வயிறு உப்பி, தலை தொங்கி நிற்கும் ஆட்டைப் பார்த்து, கண் பட்டுவிட்டது என்பார்கள். கண் படவில்லை. ஆடு மாடுகளின் எச்சிலில் மாவுச்சத்தை வெட்டும் நொதி இல்லை என்றே சொல்லலாம். உள்ளே போன சோறு முதலில் சேர்வது அசைபோடும் முதல் வயிற்றில். அங்கே வாழும் நுண்ணுயிர்களுக்குச் சொந்த அமிலேஸ்கள் இருக்கின்றன. புல்லும் தழையும் வந்தால் அவை மெல்ல வேலை செய்யும். திடீரென்று ஒரு படி சோறு வந்து விழுந்தால், அவசர அவசரமாகப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலத்தைப் பெருக்கிவிடும். வயிறே அமிலக் குளமாகும். ஆடு செத்துப்போகவும் கூடும். தானியம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பிடியில் தொடங்கிப் பல நாளில் மெல்லக் கூட்ட வேண்டும். தழைதான் பிரதான உணவு. உப்பி நிற்கும் ஆட்டுக்குக் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

இனித் தாவரங்கள். செடிகளுக்கு வாயும் இல்லை, கணையமும் இல்லை. ஆனாலும் அமிலேஸ் வகைகளில் நம்மைவிட அவை பணக்காரர்கள். ஆல்பா வகையோடு, பிராணிகளிடம் இல்லாத பீட்டா வகையும் அவற்றிடம் உண்டு. பீட்டா நடுவில் வெட்டாது. மாலையின் நுனியிலிருந்து இரண்டிரண்டு மணிகளாகக் கழற்றும். அந்த இரட்டை மணிக்குத்தான் மால்டோஸ் என்று பெயர், இலேசாக இனிக்கும். சர்க்கரைவள்ளிக்கிழங்கில் பீட்டா அமிலேஸ் ஏராளம். மெல்ல வேகவைத்தால் கிழங்கு சூடேறும் நேரத்தில் அந்த நொதி மால்டோஸாகக் கழற்றித் தள்ளும், தித்திப்பு கூடும். வேகமாகச் சூடாக்கினால் நொதி முதலிலேயே செத்துவிடும், இனிப்பு குறையும். சர்க்கரை நோய் உள்ள வீட்டில் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஒரு நெல்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு மூலையில் கரு. மற்ற இடமெல்லாம் கருவுக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு, அதாவது மாவுச்சத்து. தவிட்டோடு ஒட்டி அலியூரோன் என்ற மெல்லிய, உயிருள்ள அடுக்கு ஒன்று உண்டு. நீர் ஊறியதும் கரு ஜிப்ரலின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. அது கிடைத்ததும் அலியூரோன் ஆல்பா அமிலேஸைப் புதிதாகச் செய்து மாவுக்குள் விடுகிறது. கட்டுச்சோறு அவிழ்கிறது. ஆஸ்திரேலியாவில் பேலக், ஜப்பானில் யோமோ என்ற இருவர் தனித்தனியே 1960 வாக்கில் இதைக் கண்டார்கள். அந்த ஹார்மோன் முதலில் அகப்பட்டதும் ஒரு நெல் நோயில்தான். நாற்று அளவுக்கு மீறி வளர்ந்து சாய்ந்துவிடும். ஜப்பானியர் அதை ‘முட்டாள் நாற்று’ என்பார்கள். அதற்குக் காரணம் ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள் என்று 1926-இல் குரோசாவா காட்டினார்.

கோதுமையிலும் பார்லியிலும் பீட்டா அமிலேஸ் காய்ந்த மணியிலேயே தயாராகக் கிடக்கிறது, ஆல்பாதான் முளைக்கும்போது பிறக்கிறது. நெல்லில் இரண்டுமே முளைக்கும்போதுதான் பிறக்கின்றன. நெல்லுக்கு ஆல்பா அமிலேஸ் மரபணு மட்டும் சுமார் பத்து. ஒன்று ஹார்மோன் சொல்லைக் கேட்டு எழும். மற்றொன்று கருவுக்குச் சர்க்கரை தட்டுப்படும்போது விழிக்கும். காற்றில்லாத நீருக்கடியிலும் நெல் முளைவிடுவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். கோதுமையையும் பார்லியையும் அப்படி மூழ்கடித்தால் ஆல்பா அமிலேஸ் பிறக்காது. மாவு அப்படியே கிடக்க, கரு பட்டினியாகிவிடும்.

மனிதக் குழந்தைக்கும் இப்படி ஒரு காலம் உண்டு. பிறந்த குழந்தையின் கணையத்தில் அமிலேஸ் மிகமிகக் குறைவு. மாதங்கள் செல்லச் செல்லத்தான் ஊறும். தாய்ப்பாலில் உமிழ்நீர் வகையை ஒத்த அமிலேஸ் இருக்கிறது. குழந்தையின் இரைப்பை அமிலம் கடுமையாக இல்லாததால் அதில் ஒரு பங்கு தப்பிக் குடலுக்குப் போய்ச் சேர்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள், அதன் பின் கஞ்சி தொடங்கினாலும் பாலை நிறுத்தாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு உள்ள பல காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆறு மாதத்துக்குப் பிறகு வரும் சிக்கல் வேறு. நம் சத்துணவு உதவிக்குப் பதிவு செய்யும் பிள்ளைகளில் எடை ஏறாதவர்களின் தாய்மாரைக் கேட்டால், ‘நாலு வேளை கஞ்சி கொடுக்கிறேன்’ என்பார்கள். பொய்யில்லை. கஞ்சி கெட்டியானால் பிள்ளை துப்புகிறது. ஆகவே தண்ணீரை ஊற்றி இளக்குகிறார்கள். கையளவு வயிறு தண்ணீரால் நிறைந்துவிடுகிறது. மாவைக் கூட்டினால் கெட்டியாகும், தண்ணீரைக் கூட்டினால் சத்து போகும்.

இதற்குத் தீர்வு தாவர அமிலேஸில் இருக்கிறது. 1980-களில் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸும் அவருடன் பணியாற்றியவர்களும் முளைகட்டிய தானிய மாவை இதற்காக ஆராய்ந்தார்கள். கெட்டியான கஞ்சியில் அந்த மாவைச் சிறிதளவு கலந்தால் போதும். தண்ணீர் சேர்க்காமலே இளகும். மாவின் அளவு குறையாததால் சத்தும் குறையாது. நம் ஊருக்கு ஏற்றது கேழ்வரகு. ஒரு இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி ஒன்று அல்லது இரண்டு நாள் முளைவிட்டு, நன்றாக உலர்த்தி அரைக்க வேண்டும். சாதாரண மாவில் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, கொதி அடங்கியபின், ஒரு கிண்ணத்துக்கு அரைத் தேக்கரண்டி முளைமாவைத் தூவிக் கலக்குங்கள். கொதிக்கும்போதே போட்டால் நொதி செத்துவிடும். ஐந்து பத்து நிமிடத்தில் கஞ்சி இளகியதும், மறுபடி அடுப்பில் ஏற்றி நன்றாக ஒரு கொதி விடுங்கள். முளைகட்டிய மாவில் கிருமி சேர வாய்ப்புண்டு, எனவே இதைத் தவறவிட வேண்டாம். வெள்ளைச் சோளத்தை இதற்கு முளைகட்டாதீர்கள். அதன் முளையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

மாதர் கூட்டத்தில் இதைச் செய்து காட்டச் சொன்னோம். இரண்டு கிண்ணங்களில் ஒரே கஞ்சி. கரண்டியைச் செங்குத்தாக நிறுத்தினால் இரண்டிலும் நின்றது. ஒன்றில் முளைமாவைக் கலந்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் அந்தக் கரண்டி மட்டும் சாய்ந்து விளிம்பில் முட்டியது. வயதான உம்மம்மா ஒருவர் கிண்ணத்தை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். “நாங்களும் காலங்காலமா கேப்பைய முளைகட்டித்தான் திரிக்கிறோம். இப்படி இளகி ஒருநாளும் பார்த்ததில்லையே” என்றார். எப்படித் திரிப்பீர்கள் என்று கேட்டோம். காயவைத்து, வாசம் வரும்வரை சட்டியில் சிவக்க வறுத்து, பிறகு மில்லுக்குக் கொடுப்பார்களாம். அந்த வறுப்பில்தான் நொதி போய்விடுகிறது என்று சொன்னதும், “அப்ப இனிமே பாதியை வறுத்துக்கிறேன், வாசத்துக்கு. பாதியை வெயில்ல மட்டும் காயப்போடுறேன், பேரனுக்கு” என்றார்.